தரையில் உட்காரத் தெரிந்தவனுக்கே மேடை

2024 பிப்ரவரி 4. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் கிராமி விருது விழா. சிறந்த உலக இசை ஆல்பம் என்ற பிரிவில் ‘சக்தி’ குழுவின் ‘திஸ் மொமன்ட்’ வெற்றி பெற்றதாக அறிவிக்கிறார்கள். அந்தக் குழுவை ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஆங்கிலேயக் கிதார்க் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினுக்கு அப்போது வயது 82. அதே குழுவில் தாளத்துக்கு நிற்பவர் சென்னைக்காரரான வி.செல்வகணேஷ். அவர் கையில் இருப்பது கஞ்சிரா.

கஞ்சிரா எந்த ஊர்ச் சொத்து தெரியுமா, தம்பி? நம் புதுக்கோட்டையின் சொத்து. இந்த மண்ணில், ஒரு ஏழையின் கையில், கச்சேரி வாத்தியமாகப் பிறந்தது அது. உலகத்தின் பெரிய மேடைகளில் ராக் கிதாருக்குச் சரிசமமாக அது அதிரும்போது, இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து ‘நம்ம ஊர்ல என்னங்க இருக்கு’ என்று சலித்துக்கொள்கிறாயே, அந்தச் சலிப்பைத்தான் இன்று உடைக்க வேண்டும்.

கஞ்சிராவைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறாயா? பலா மரத்தில் கடைந்த ஒரு சிறு வளையம். அகலம் ஒரு சாண் இருக்கும். ஒரு பக்கம் தோல், மறுபக்கம் வெறும் திறப்பு. வளையத்தில் ஓர் இடத்தில் துளை போட்டு அதில் நாணயங்களைக் கோத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் உடும்புத் தோல்தான். இப்போது சட்டம் உடும்பைக் காக்கிறது, ஆகவே வேறு தோல்களுக்கும் செயற்கைத் தோலுக்கும் மாறிவருகிறார்கள். வாசிப்பதற்கு முன் உட்புறம் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, விரலால் பரப்பி, காதருகே வைத்துத் தட்டிப் பார்ப்பார்கள். தண்ணீர் கூடினால் தொனி தொங்கிவிடும். காய்ந்தால் கிண்ணென்று விறைத்துக்கொள்ளும். கச்சேரி முழுவதும் அந்த ஈரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். வாசிப்பது ஒரே கை. மற்றக் கை வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டே விரல் நுனியால் தோலை அழுத்தி, சத்தத்தை மேலும் கீழும் வளைக்கிறது. மிருதங்கத்துக்கு இரண்டு முகம், இரண்டு கை. கஞ்சிராவுக்கு ஒரு முகம், ஒரு கை. அந்த ஒற்றைக் கையால் மிருதங்கத்தின் சொற்களுக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த வாத்தியத்துக்கு இன்றைய உருவம் கொடுத்துக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. மாமுண்டியா பிள்ளை என்றும் அவரைச் சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர். சாமி புறப்பாட்டில் விளக்குத் தூக்கும் வேலை பார்த்தவர் என்பது இசைக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. யோசித்துப் பார். ஊர்வலத்தில் முன்னால் நாகஸ்வரமும் தவிலும் போகின்றன. விளக்கு பிடிப்பவன் கூடவே நடக்கிறான். வெளிச்சம் அடுத்தவனுக்கு, தோள்வலி இவனுக்கு. யாரும் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் அவன் காது சும்மா இருக்கவில்லை. தவில்காரரின் கணக்கு அவனுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. மாரியப்பத் தவில்காரர் என்ற குருவின் காலடியில் போய் உட்கார்ந்தான். தாளத்தின் கணக்கைக் கரைத்துக் குடித்தான். குடித்ததை எந்த வாத்தியத்தில் வாசிப்பது? மிருதங்கம் வாசிக்க ஏற்கெனவே பெரிய பெரிய ஜாம்பவான்கள் இருந்தார்கள். இவன் ஒரு சாண் வளையத்தை எடுத்தான்.

தஞ்சாவூரின் மிருதங்க மேதை நாராயணசாமி அப்பா போன்றவர்கள் கோலோச்சிய காலம் அது. அவர்கள் நடுவே ஒரு புதுக்கோட்டைக்காரர் ஒற்றைத் தோலோடு போய் நின்று, தன் கணக்கை வாசித்துக் காட்டி, ‘இவரும் வித்வான்’ என்று சொல்லவைத்தார். அதோடு நிற்கவில்லை. அவரிடமிருந்து ஒரு பரம்பரையே கிளம்பியது. ‘புதுக்கோட்டை வழி’ என்று தஞ்சாவூர் வழிக்கு இணையாக இன்றும் மிருதங்கக்காரர்கள் சொல்கிறார்களே, அந்த வழியின் ஊற்றுக்கண் விளக்குப் பிடித்த அந்தக் கைதான்.

இனி ஆங்கிலேயருக்கு வருவோம். அவர் கதையில் உனக்கு வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது.

ஜான் மெக்லாஃப்லின் பிறந்தது 1942 ஜனவரி 4. ஊர், இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் டான்காஸ்டர். ரயில்வே பட்டறையும் நிலக்கரிச் சுரங்கமும் சூழ்ந்த உழைப்பாளிகளின் ஊர். அம்மாவுக்கு வயலின் தெரியும். பையன் பதினோரு வயதில் கிதாரைத் தொட்டான். பெரிய இசைப்பள்ளி எதிலும் படித்துப் பட்டம் வாங்கவில்லை. இளைஞனாக லண்டனுக்குப் போனார். கிதார் கடையில் வேலை பார்த்தார். 1960-களில் ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஏறி இறங்கி, யார் யாருடைய பாட்டுக்கோ கூலிக்கு வாசித்தார். பணம் வந்தது. மனசு வறண்டது. அந்த வேலையை உதறினார். 1969-இன் தொடக்கத்தில் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். போய் இறங்கிய சில நாட்களுக்குள் ஜாஸ் உலகின் சக்கரவர்த்தி மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலன்ட் வே’ பதிவில் அவர் கிதார் ஒலித்தது. அடுத்து வந்த ‘பிட்சஸ் புரூ’ ஆல்பத்தில் மைல்ஸ் ஒரு துண்டுக்கு ‘ஜான் மெக்லாஃப்லின்’ என்றே பெயர் வைத்துவிட்டார்.

1971-இல் சொந்தக் குழு, ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’. வெள்ளை உடுப்பு. கழுத்தில் இரட்டைக் கழுத்துக் கிதார். காது கிழியும் ஒலிபெருக்கிகள். ஜாஸும் ராக்கும் ஒன்றோடொன்று மோதித் தீப்பற்றிய காலம் அது. 1973-இல் வந்த ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’, பாட்டே இல்லாத வாத்திய இசையாக இருந்தும், அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் இருபதுக்குள் ஏறியது. அவருக்கு அப்போது வயது 31. உலகத்தின் வேகமான கிதார் விரல்கள் என்று பேர். அரங்கங்கள் நிரம்புகின்றன. நீயோ நானோ அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? அதே சட்டை, அதே கிதார், அதே வேகம் என்று இருபது வருஷம் ஓட்டியிருப்போம்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? வீணை கற்கப் போனார்.

அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அப்போது நம் டாக்டர் எஸ்.ராமநாதன் கர்நாடக இசை கற்பித்துக்கொண்டிருந்தார். உலகப் புகழ் பெற்ற அந்த ராக் கலைஞர் அவர் முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து வீணை பயின்றார். ஸ்வரம் படித்தார், தாளம் போட்டார். நேற்று இரவு ஆயிரக்கணக்கான பேர் கைதட்டிய விரல்கள் இன்று காலை அரிச்சுவடியில் தடுமாறின. அந்தத் தடுமாற்றத்துக்கு அவர் வெட்கப்படவில்லை. இதைத்தான் நான் தன்னம்பிக்கை என்கிறேன். நெஞ்சை நிமிர்த்தி ‘என்னை யாரும் அசைக்க முடியாது’ என்று கண்ணாடி முன்னால் நின்று கத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தக் கத்தல் வாசலைத் தாண்டுவதற்குள் தொண்டையிலேயே செத்துப்போகும். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவர் முன்னால் போய், ‘எனக்கு இது தெரியாது, சொல்லிக் கொடுங்கள்’ என்று கேட்கிறவனுக்குத்தான் முதுகெலும்பு இருக்கிறது. தன் மதிப்பு ஒரு தப்பான ஸ்வரத்தில் கரைந்துவிடாது என்று அவனுக்குத் தெரியும். அந்த உறுதி இல்லாதவன்தான் ‘எல்லாம் எனக்குத் தெரியும்’ என்று அலைகிறான்.

அவர் கற்றது வீணையோடு முடியவில்லை. நம் இசையின் உயிர் கமகத்தில் இருக்கிறது. ஸ்வரம் நின்ற இடத்தில் நிற்காது. அசையும், வழுக்கும், அடுத்த ஸ்வரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும். வீணையில் தந்தியை இழுத்தால் அது வரும். மேற்கத்தியக் கிதாரின் தட்டையான கட்டையில் அந்த அளவுக்கு வராது. மெக்லாஃப்லின் கிதார் செய்யும் நிபுணர் ஒருவரை வைத்துப் புதுக் கிதாரே செய்தார். ஒவ்வொரு கட்டுக்கும் நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கினார்கள். விரல் அழுத்தினால் தந்தி அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி வீணை போல வளையும். கிதாரின் வயிற்றுக்குக் குறுக்கே கூடவே சேர்ந்து அதிரும் ஏழு தந்திகளைக் கூடுதலாகக் கட்டினார்கள். கருவி தனக்கு ஒத்துவரவில்லை என்று மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்காமல், கருவியையே செதுக்கித் திருத்திக்கொண்டார். மான்பூண்டியா பிள்ளை ஒரு சாண் வளையத்தில் செய்ததும் இதே வேலைதான்.

பிறகு சக்தி பிறந்தது. வயலினுக்கு எல்.சங்கர். தபலாவுக்கு ஜாகிர் உசேன். மிருதங்கத்துக்கு நம் பக்கத்துச் சீமையின் பெயரைத் தாங்கிய ராம்நாட் ராகவன். கடத்துக்கு விக்கு விநாயக்ராம். 1975-இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் நடந்த கச்சேரியை அப்படியே பதிவுசெய்து முதல் ஆல்பமாக வெளியிட்டார்கள். மின்சாரக் கிதார் இல்லை, டிரம்ஸ் இல்லை. இரட்டைக் கழுத்துக் கிதாரோடு மேடையில் எழுந்து நின்று அனல் பறக்க வாசித்த மனிதர், விரிப்பில் சம்மணமிட்டு, மற்ற நால்வரோடு ஒருவராக உட்கார்ந்தார். வியாபாரக் கணக்கில் பார்த்தால் இது பைத்தியக்காரத்தனம். மின்சாரக் கிதாரின் இடி முழக்கத்துக்குக் காசு கொடுத்த ரசிகன் இதற்குக் கொடுப்பானா என்று எவனும் கேட்பான். அவர் கேட்கவில்லை. மூன்று ஆல்பங்கள் வந்தன. அன்று அதை வாங்கியவர்களைவிட, பின்னால் அதைத் தேடித் தேடிக் கேட்டவர்கள் அதிகம்.

விநாயக்ராமையும் இங்கே விட்டுவிட முடியாது. கடம் என்றால் என்ன? களிமண் பானை. மானாமதுரையில் குயவர் தட்டித் தட்டிச் சுட்டெடுக்கும் பானை. கச்சேரியில் அதற்குக் கடைசி வரிசையில் இடம். மிருதங்கம் வாசித்து முடித்த பிறகு மிச்சம் மீதி நேரம் அதற்கு. 1942-இல் பிறந்த இந்த மனிதர் அந்தப் பானையை மடியில் வைத்துக்கொண்டு, ராக் இசை கேட்க வந்த அமெரிக்க இளைஞர்கள் முன்னால் உட்கார்ந்தார். பானையை வானத்தில் தூக்கிப் போட்டுப் பிடித்தார். கூட்டம் எழுந்து நின்றது. பின்னால் அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட்டின் ‘பிளானட் டிரம்’ ஆல்பத்தில் வாசித்து, உலக இசைக்கென்று கொடுக்கப்பட்ட முதல் கிராமியில் பங்கு பெற்றார். மண்பானைக்குக் கிடைத்த மரியாதை அது. அவர் மகன்தான் கஞ்சிராவோடு உட்கார்ந்திருக்கும் செல்வகணேஷ். மெக்லாஃப்லினும் செல்வகணேஷும் சேர்ந்து கொன்னக்கோல் கற்றுத்தரும் ஒரு காணொளிப் பாடமே வெளியிட்டிருக்கிறார்கள். நம் தெருவில் தவில்காரர் திண்ணையில் உட்கார்ந்து வாயால் சொல்லும் தகதிமியை ஒரு யார்க்‌ஷர்காரர் கைத்தாளம் போட்டு உலகத்துக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அது தன் வீட்டு வித்தை என்று தெரியாமல் நீ செல்போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாய்.

கோபமாகத்தான் சொல்கிறேன். இந்த மாவட்டத்தின் கல்கூட இசை பேசுகிறது. புதுக்கோட்டையிலிருந்து மேற்கே இருபது கிலோமீட்டர் போனால் குடுமியான்மலை. சிகாநாதசாமி கோயிலில் மலையைக் குடைந்த குடைவரையின் பக்கத்துப் பாறையில் 7-ஆம் நூற்றாண்டு எழுத்தில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு பண் வகைகளுக்கான ஸ்வரக் கோவைகள் வரிசை வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. இந்தியாவில் இசைக்கென்று இவ்வளவு பழைய, இவ்வளவு விரிவான கல்வெட்டு வேறு எங்கும் காண்பது அரிது. வெட்டுவித்தவன் மகேந்திரவர்மப் பல்லவன் என்று பலர் சொல்வார்கள், அறிஞர்களிடையே அதில் கருத்து வேறுபாடு உண்டு. யாராக இருந்தாலும் அவன் ஓர் அரசன். அந்த அரசன் தன்னைப் பற்றி அங்கே என்ன சொல்லிக்கொள்கிறான் தெரியுமா? போரில் வென்றதையா? இல்லை. உருத்திராசாரியரின் மாணவன் என்கிறான். மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தேன் என்கிறான். நாடாண்டவன் தன்னை மாணவன் என்று பாறையில் வெட்டிவைத்த மண் இது! இந்த மண்ணில் பிறந்துவிட்டு, முப்பது வயதில் கீபோர்டு வகுப்புக்குப் போகக் கூச்சப்படலாமா?

உன் சாக்குகள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் இந்த மண்ணே பதில் வைத்திருக்கிறது.

வசதி இல்லை என்கிறாய். மான்பூண்டியா பிள்ளைக்கு என்ன வசதி இருந்தது? அவருடைய மாணவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை, 1875-இல் பிறந்து 1936-இல் மறைந்தவர், அரண்மனைக் காவல் வேலையில் இருந்தவர் என்று சொல்வார்கள். காவல் நின்ற அந்த மனிதர் மிருதங்கமும் கஞ்சிராவும் வாசித்து அந்தக் காலத்துப் பெரிய பாடகர்களெல்லாம் பக்கத்தில் வேண்டும் என்று கேட்கும் வித்வான் ஆனார்.

உடம்பில் ஒரு குறை இருக்கிறது, மற்றவர்களைப் போல என்னால் முடியாது என்கிறாய். பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சொல்கிறேன், கேள். அவருடைய தந்தை முத்தையா பிள்ளை மான்பூண்டியா பிள்ளையிடம் பயின்றவர். மகன் இடக்கைக்காரர். கச்சேரி மேடையில் ஒவ்வொருவருக்கும் இடம் வகுத்து வைத்திருக்கிறார்கள். மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்திருக்க வேண்டும். இடக்கைக்காரர் வந்து உட்கார்ந்தால் மிருதங்கமும் வயலினும் இடம் மாற வேண்டும். அதற்குச் சம்மதிக்காதவர்கள் இருந்தார்கள். ‘கையை மாற்று’ என்றார்கள். வாய்ப்புகள் கைநழுவின. அவர் கையை மாற்றவில்லை. வாசிப்பை வளர்த்தார். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்காக நின்றார், தன் கச்சேரிகளில் உட்காரவைத்தார். பிறகு என்ன? பாலக்காடு மணி ஐயரோடு ஒப்பவைத்துப் பேசப்படும் மிருதங்கக்காரர் அவர். மேடை அவருக்காக இடம் மாறியது. தம்பி, இந்த வரியை இரண்டு தடவை படி.

பெண்ணாகப் பிறந்துவிட்டேன், எனக்கு எங்கே என்கிறாயா, தங்கச்சி? புதுக்கோட்டைக்கு ஒட்டினாற்போல் திருக்கோகர்ணம். பிரகதாம்பாள் கோயில் ஊர். தொண்டைமான் மன்னர்களுக்குக் குலதெய்வம் அந்த அம்மன். அந்த ஊரில் 1910-இல் பிறந்தவர் ரங்கநாயகி அம்மாள். தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் மிருதங்கம் பயின்றார். பெண் மேடையில் பாடலாம், ஆடலாம், தாள வாத்தியத்தைத் தொடலாமா என்று கேட்ட காலம். தொட்டார். கச்சேரி மேடையில் மிருதங்கம் வாசித்த பெண்களில் முன்னோடி என்று அவர் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். இன்றைக்கு எந்த ஊர் மேடையில் ஒரு பெண் பிள்ளை மிருதங்கத்தை மடியில் வைத்தாலும் அந்த வழி திருக்கோகர்ணத்தில் திறந்த வழி.

ஒரு தடவை விழுந்துவிட்டேன், இனி எழ முடியாது என்கிறாய். பி.யு.சின்னப்பாவும் புதுக்கோட்டைக்காரர்தான். நாடகக் கம்பெனியில் பாட்டால் பெயர் வாங்கிய சிறுவன். வயது வந்ததும் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தது. குரல்தானே அவனுக்குச் சோறு? குரல் போனவன் சும்மா குந்தவில்லை. முறையாகச் சங்கீதம் படித்தான். சிலம்பமும் குஸ்தியும் கற்றான். சினிமாவுக்கு வந்தும் முதல் படங்களுக்குப் பிறகு தேக்கம். மறுபடி எழுந்தார். 1940-இல் ‘உத்தம புத்திரன்’, இரட்டை வேடம். 1944-இல் ‘ஜகதலப்பிரதாபன்’. பாடுவதும் சின்னப்பா, பக்கவாத்தியம் அத்தனையும் சின்னப்பா என்று ஒரே திரையில் பல சின்னப்பாக்கள் உட்கார்ந்து நடத்திய கச்சேரியைப் பார்க்கத் தியேட்டர்கள் நிரம்பின.

கடைசியாக ஒரு சாக்கு மிச்சம் இருக்கிறது. வயசாகிவிட்டது.

அதற்கு மறுபடி மெக்லாஃப்லினிடம் போகிறேன். கிதார் வாசிப்பவனுக்கு விரல்தான் எல்லாம். எழுபதைத் தாண்டியபோது அவர் கையை மூட்டுவாதம் பிடித்தது. விரல் மடக்கினால் வலி. 2017-இல் அமெரிக்காவுக்கு விடைசொல்லும் சுற்றுப்பயணம் என்று அறிவித்தே வாசித்தார். அதற்கு முன்னாலேயே இன்னொரு அடி. சக்தியின் இரண்டாம் பருவத்தைத் தாங்கி நின்ற மாண்டலின் யு.ஸ்ரீனிவாஸ் 2014 செப்டம்பரில் 45 வயதில் போய்ச் சேர்ந்தார். மகன் வயதுக்காரன் போய்விட்டான். குழு ஊமையானது. இத்தோடு முடிந்தது என்று யார் சொல்லியிருந்தாலும் தப்பில்லை.

முடியவில்லை. கையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சங்கர் மகாதேவன் பாட, கணேஷ் ராஜகோபாலன் வயலினோடு வர, சக்தி மறுபடி கூடியது. கொரோனாவில் ஊர் அடங்கிக் கிடந்தபோது அவரவர் ஊரில் இருந்தபடியே வாசித்துப் பதிவுசெய்து அனுப்பிச் சேர்த்ததுதான் ‘திஸ் மொமன்ட்’. 2023 ஜனவரியில் இந்திய நகரங்களில் ஐம்பதாம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தைத் தொடங்கி, ஐரோப்பா போய், விடைசொல்லிவிட்டு வந்த அதே அமெரிக்காவுக்கும் போனார்கள். 81 வயதில், மூட்டுவாதம் பார்த்த கையோடு, ஜாகிர் உசேன் தபலாவுக்கும் செல்வகணேஷ் கஞ்சிராவுக்கும் நேருக்கு நேராக அவர் சவால் விட்டு வாசித்ததைப் பார்த்தவர்களுக்கு வயது என்ற பேச்சே மறந்துபோனது. 2024 டிசம்பரில் ஜாகிரும் மறைந்தார். அந்தப் பயணம் நடக்காமலே போயிருந்தால், ‘வயசாச்சு, அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளியிருந்தால், அந்த நால்வரோடும் ஜாகிரின் விரல்கள் பேசிய பேச்சு உலகத்துக்குக் கிடைத்தே இருக்காது. அப்புறம் என்ற ஒன்று நம் கையில் இல்லை.

உனக்கு அடுத்த கச்சேரி எப்போது? பெரிய அரங்கத்தைக் கேட்கவில்லை. நார்த்தாமலையில் பங்குனித் தேர், திருவப்பூரில் மாசித் திருவிழா, உன் ஊர்ப் பிடாரிக்கு வருஷாவருஷம் காப்புக் கட்டு. ஏதோ ஒரு மேடையில் பேண்டு வாசிக்கிறாய், தவில் அடிக்கிறாய், பாட்டுக் கச்சேரியில் ரிதம் பேடு தட்டுகிறாய். அந்த மேடைக்கு எப்படிப் போகிறாய்? போன வருஷம் வாசித்த அதே பாட்டு, அதே அடி, கூட்டம் விசில் அடித்தால் போதும் என்று போகிறாயா? இந்தத் தடவை அப்படிப் போகாதே. கச்சேரிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே உனக்கு வராத ஒன்றை எடு. மிஸ்ர நடை வராதா, அதை எடு. முதலில் வாத்தியத்தைத் தொடாதே. வாயால் சொல். கையில் தாளம் போட்டுக்கொண்டு, எருமை நடக்கும் வேகத்தில் சொல். வாயில் நிற்காதது விரலில் நிற்காது என்று புதுக்கோட்டை வழிக்காரர்கள் கணக்கை முதலில் நாக்கில்தான் ஏற்றினார்கள். வாயில் நின்ற பிறகு கைக்குக் கொண்டுவா. தப்பு வருகிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதையே அடி. நன்றாக வருகிற இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சந்தோஷப்படுவது சாதகம் ஆகாது, அது தன்னைத்தானே ஏமாற்றுவது.

மேடையில் ஏறியபின் கை நடுங்கும். நடுங்கட்டும். நடுக்கம் இல்லாத கலைஞன் கிடையாது. பக்கத்தில் இருப்பவன் வாசிப்பதைக் கேள். சக்தியின் கச்சேரிப் பதிவைப் பார்த்தால் உனக்கு ஒன்று புரியும். ஒருவர் வாசிக்கும்போது மற்ற நால்வரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தலையாட்டுவார்கள், சபாஷ் போடுவார்கள், குழந்தை மாதிரிச் சிரிப்பார்கள். அடுத்தவனைக் கேட்கத் தொடங்கியவுடன் உன் பயம் தானே இறங்கிவிடும். என்னை என்ன நினைப்பார்கள் என்ற நினைப்புக்கு அங்கே இடமே இருக்காது.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை மேசையைத் தட்டிக்கொண்டிருந்தால் அதட்டாதீர்கள். அந்தத் தட்டலில் தாளம் இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் காது கொடுங்கள். இருந்தால் ஒரு ஆசிரியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு மிருதங்கம் எதிரி இல்லை. தாளக் கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைக்குப் பின்னக் கணக்கு பயமுறுத்தாது.

இனி உனக்கு என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாகஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் எல்லாம் அங்கே சொல்லித் தருகிறார்கள். உன் வயது அதற்குத் தாண்டிவிட்டதா? உன் தெருவில், பக்கத்து ஊரில், கோயில் தவில்காரர் ஒருவர் இருப்பார். காலையில் புறப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் கணக்கு கேட்டு யாரும் வருவதில்லை என்ற வருத்தம் அவருக்குள் இருக்கும். இந்த வாரமே வெற்றிலை பாக்குப் பழத்தோடு அவர் வாசலுக்குப் போ. ‘அய்யா, எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆரம்பத்துலேர்ந்து சொல்லிக் கொடுங்க’ என்று கேள். அவர் திண்ணையைக் காட்டுவார். நீ தரையில் உட்கார்.